சங்கமன்கண்டிக்கு நேரே எரிந்த எண்ணெய்க் கப்பல்: ஒரு நிகழ்வு ஆய்வு

2020 செப்டெம்பர் 3 ஆம் திகதி காலை, இலங்கையின் கிழக்கு முனையான சங்கமன்கண்டியிலிருந்து சுமார் 38 கடல்மைல் தொலைவில் நியூ டயமண்ட் என்ற எண்ணெய்க் கப்பலின் இயந்திர அறையில் தீப்பிடித்தது. குவைத்தின் மினா அல் அஹ்மதி துறைமுகத்தில் ஏற்றிய ஏறத்தாழ 270,000 தொன் மசகு எண்ணெயோடு அது ஒடிசாவின் பாரதீப் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. எண்ணெய் இந்தியன் ஒயில் நிறுவனத்துடையது, கொடி பனாமாவுடையது, இயக்கியது ஒரு கிரேக்க நிறுவனம். கப்பலில் இருந்த 23 பேரில் 18 பேர் பிலிப்பீன்காரர், 5 பேர் கிரேக்கர். கொதிகலன் வெடித்ததில் ஒரு பிலிப்பீன் மாலுமி இறந்தார். காயப்பட்ட மூன்றாம் பொறியியலாளரைக் கரைக்குக் கொண்டுவந்து முதலில் கல்முனை வைத்தியசாலையில் சேர்த்தார்கள்.

பொத்துவில், கோமாரி, திருக்கோவில் கரைகளில் நின்றவர்களுக்கு 38 மைல் கண்ணுக்கு எட்டாத தூரம். கப்பலை அவர்களும் தொலைக்காட்சியில்தான் பார்த்தார்கள். ஆனால் பயம் தூரத்தைப் பார்த்து வருவதில்லை. அதற்குச் சில வாரங்கள் முன்புதான், ஜூலை 25 ஆம் திகதி, மொரிசியஸ் தீவின் பவளப்பாறையில் வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் ஏறி நின்றது. அதிலிருந்து கசிந்த எரிபொருள் ஏறத்தாழ 1,000 தொன். அந்த ஆயிரம் தொன்னே ஒரு நீரேரியைக் கறுப்பாக்கியது. நியூ டயமண்டில் இருந்தது அதைப்போல 270 மடங்கு.

அந்த நாட்களில் வந்த செய்திகளெல்லாம் தீயணைப்பைப் பற்றியவை. அதையும் பார்ப்போம். ஆனால் அதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. குவைத்திலிருந்து ஒடிசா போகிற கப்பலுக்கு அம்பாறைக்கு நேரே என்ன வேலை?

பாக்கு நீரிணை விட்ட வழி

வரைபடத்தில் கோடு போட்டால் நேர்வழி மன்னார் வளைகுடா, பாக்கு நீரிணை ஊடாகத்தான் போகும். ஆனால் ராமர் அணை மணல்திட்டுகளில் சில இடங்களில் ஆள் நின்றுவிடலாம். எண்ணெய் நிரம்பிய இந்த அளவுக் கப்பலுக்கோ நீர்மட்டத்துக்குக் கீழே மட்டும் 20 மீற்றர் வேண்டும். 2005 இல் இந்தியா தொடங்கிப் பாதியில் நின்றுபோன சேதுசமுத்திரக் கால்வாய் முடிந்திருந்தாலும் அதன் திட்டமிட்ட ஆழம் 12 மீற்றர்தான். ஆகவே பாரசீக வளைகுடாவிலிருந்து சென்னை, விசாகப்பட்டினம், பாரதீப், ஹல்தியா, சிட்டகாங் போகும் பெரிய கப்பல் எல்லாமே இலங்கையைச் சுற்றித்தான் ஆகவேண்டும். ஒரு நீரிணை ஆழமில்லாமல் போனதால் அதன் போக்குவரத்தில் ஒரு பங்கு நமது கிழக்குக் கரையின் முன்னால் ஓடுகிறது. ஹோர்முஸ் பற்றியும் மலாக்கா பற்றியும் எத்தனையோ எழுதுகிறார்கள், இந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

சுற்றி வருகிற கப்பல் முதலில் தெய்வேந்திரமுனைக்குத் தெற்கே, கப்பல்களைத் திசைவாரியாகத் தடம் பிரித்துவிடும் பிரிவழிக்குள் நுழையும். உலகின் மிக நெரிசலான கப்பல் வழிகளில் அதுவும் ஒன்று. நாளொன்றுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்கள் அதால் போகின்றன. சர்வதேச கடல்சார் அமைப்பு ஏற்றுக்கொண்ட ஏற்பாடு அது. கிழக்கே போகிறவை தெற்குத் தடத்திலும் மேற்கே போகிறவை வடக்குத் தடத்திலும் போகவேண்டும், இடையில் யாரும் ஓடக்கூடாத பிரிப்பு வலயம். (நீலத் திமிங்கிலங்கள் மேயும் கடலும் அதுதான் என்பதால் தடத்தை இன்னும் தெற்கே தள்ளவேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக உண்டு. 2022 இல் எம்.எஸ்.சி. என்ற பெரும் கொள்கலன் நிறுவனம் தன் கப்பல்களைத் தானாகவே தெற்கே நகர்த்திக்கொண்டது.)

இந்த இடத்தில் பலரும் கவனிக்காத ஒரு சிக்கல் இருக்கிறது. மலாக்காவுக்குப் போகிற கப்பல் பிரிவழியை விட்டு வெளியே வந்ததும் நேரே கிழக்கே போய்விடும். ஆனால் பாரதீப்புக்குப் போகிறது தெற்குத் தடத்திலிருந்து வெளியே வந்து வடக்கே திரும்பவேண்டும். அப்படித் திரும்பும்போது மலாக்காவிலிருந்து வருகிற கப்பல்களின் வழியை அது வெட்டிக்கொண்டு போகிறது. பிரிவழி முடிகிற இடங்களுக்கு அருகில் தனிக் கவனத்தோடு ஓட்டவேண்டும் என்று மோதல் தடுப்பு விதிகளின் 10 ஆம் விதி சொல்வது இந்த மாதிரி இடத்தை நினைத்துத்தான்.

விதிகள் எங்கே இறுக்கம், எங்கே தளர்வு

1967 இல் டோவர் நீரிணையில் முதன்முதலாகப் போக்குவரத்தைப் பிரித்துவிட்டார்கள். அப்போது அது கப்பல்களின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது. 1972 இல் ஏற்கப்பட்டு 1977 ஜூலை 15 முதல் நடைமுறைக்கு வந்த மோதல் தடுப்பு விதிகள் அதைக் கட்டாயமாக்கின. தடத்தின் பொதுத் திசையில் போ, பிரிப்புக் கோட்டை ஒட்டாதே, நுழைவதென்றால் முனையில் நுழை அல்லது சிறு கோணத்தில் சேர், குறுக்கே கடப்பதென்றால் முடிந்தவரை செங்கோணத்தில் கட. 10 ஆம் விதியின் சாரம் இவ்வளவுதான். நியூ டயமண்ட் முதலில் கடந்த ஹோர்முஸிலும் இதே ஏற்பாடு: தலா 2 கடல்மைல் அகலத்தில் உள்ளே ஒரு தடம், வெளியே ஒரு தடம், இடையில் 2 மைல் இடைவெளி. 1982 ஆம் ஆண்டின் கடல் சட்டச் சமவாயம் இப்படிப்பட்ட நீரிணைகளில் எல்லா நாட்டுக் கப்பலுக்கும் தடையின்றித் தொடர்ச்சியாகக் கடந்துபோகும் உரிமை கொடுக்கிறது. பதிலுக்குக் கப்பல், பாதுகாப்பு மற்றும் மாசு பற்றிய சர்வதேச விதிகளை மதிக்கவேண்டும். மலாக்காவில் இன்னும் இறுக்கம். 1998 டிசம்பரிலிருந்து 300 தொன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் கரைநிலையத்துக்குத் தங்கள் விபரத்தை அறிவித்தாகவேண்டும். பெரிய எண்ணெய்க் கப்பல்கள் தங்கள் அடிப்பாகத்துக்கும் கடற்தரைக்கும் இடையே எந்நேரமும் 3.5 மீற்றர் நீர் வைத்திருக்கவேண்டும்.

அம்பாறைக்கு நேரே இந்த ஏற்பாடு எதுவும் கிடையாது. தடமும் இல்லை, கட்டாய அறிவிப்பும் இல்லை. திறந்த கடல் என்பதால் பொதுவான மோதல் தடுப்பு விதிகள் மட்டும்.

இது நம்முடைய ஆழ்கடல் படகுக்காரர் தெரிந்திருக்கவேண்டிய விஷயம், ஏனென்றால் படகின் உரிமை இடத்துக்கு இடம் மாறுகிறது. வாழைச்சேனையிலிருந்து போகிற பலநாள் படகு ஒன்று தெய்வேந்திரமுனைப் பிரிவழிக்குள் வலை விரித்தால், தடத்தில் போகிற கப்பலுக்கு அது தடையாக இருக்கக்கூடாது. சங்கமன்கண்டிக்கு வெளியே திறந்த கடலில் அதே படகு வலை விரித்திருந்தால், 18 ஆம் விதிப்படி 330 மீற்றர் நீளக் கப்பல்தான் விலகவேண்டும். விலகவேண்டுமென்றால், படகு தொழிலில் இருக்கிறது என்பது கப்பலுக்குத் தெரியவேண்டுமே. இழுவை மடி போடாத மீன்பிடிக்கு இரவில் மேலே சிவப்பு, கீழே வெள்ளை, இரண்டும் சுற்றிலும் தெரியும் விளக்குகள். வலை 150 மீற்றருக்கு மேல் வெளியே கிடந்தால் வலை கிடக்கும் திசையில் இன்னொரு வெள்ளை விளக்கு. பல படகுகளில் இதற்குப் பதிலாக வர்ணம் வர்ணமாக மின்னுகிற எல்.ஈ.டி. விளக்குகள் தொங்குகின்றன. தூரத்துக்கு நல்லாத் தெரியும் என்பது சரிதான், ஆனால் கப்பலின் காவல் அதிகாரிக்கு அது எந்தச் செய்தியையும் சொல்லாது. வலைக்காரப் படகுக்கு வழிவிடவேண்டும் என்பதை இரவில் அவருக்குச் சொல்வது அந்தச் சிவப்பும் வெள்ளையும்தான். படகிலுள்ள வீ.எம்.எஸ். கருவி கடற்றொழில் திணைக்களத்துக்கு இடத்தைச் சொல்கிறது, கப்பலின் திரையில் அது வராது. மரத்திலோ பைபரிலோ செய்த உடல் ராடாரிலும் மங்கலாகத்தான் விழும். ஆக, பாய்மரக் காலத்து விளக்குதான் இன்றைக்கும் காவல்.

இனி விபத்துக்கு வருவோம். நியூ டயமண்ட் யாரோடும் மோதவில்லை, எதிலும் தட்டவில்லை. ஹோர்முஸின் நெருக்கடியையும் தெய்வேந்திரமுனையின் நெருக்கடியையும் தாண்டி, பக்கத்தில் ஒன்றுமில்லாத இடத்துக்கு வந்த பிறகு உள்ளிருந்துதான் எரிந்தது. நீரிணை விதிகள் எல்லாம் கப்பலுக்குக் கப்பல் உள்ள ஆபத்தைப் பார்க்கின்றன. கொதிகலனுக்குள் இருக்கும் ஆபத்துக்கு வேறொரு விதிப்புத்தகம், வேறொரு காவலாளி.

எண்ணெய் ஏன் பற்றவில்லை

இரண்டு இலட்சத்து எழுபதாயிரம் தொன் மசகு எண்ணெய், பக்கத்து அறையில் நாள்கணக்காகத் தீ. அப்படியிருந்தும் சரக்குத் தாங்கிகள் தப்பின. இது தற்செயல் இல்லை. 'சோலாஸ்' என்று கடலோடிகள் சொல்லும் கடலில் உயிர்ப்பாதுகாப்புச் சமவாயம் எண்ணெய்க் கப்பலின் அமைப்பையே அப்படித்தான் கேட்கிறது. சரக்குத் தாங்கிகள் முன்னே, இயந்திர அறை பின்னே, இரண்டுக்கும் நடுவில் பிரித்துவைக்கும் இடம். சரக்கு எண்ணெயும் அடுப்பும் ஒரே சுவரைப் பகிரக்கூடாது.

அடுத்தது தாங்கிக்குள் இருக்கும் வாயு. எண்ணெய்க்கு மேலே உள்ள வெற்றிடத்தில் சாதாரணக் காற்றை விடுவதில்லை. பெரிய எண்ணெய்க் கப்பல்களில் வழக்கமாகக் கொதிகலனின் புகையைக் கழுவி, குளிரவைத்து, ஒட்சிசன் 5 வீதத்துக்கு மேற்படாத வாயுவாக்கி உள்ளே செலுத்துவார்கள். தாங்கிக்குள் ஒட்சிசன் 8 வீதத்தைத் தாண்டக்கூடாது. எண்ணெய் ஆவி பற்றுவதற்கு ஏறத்தாழ 11 வீதம் வேண்டும் என்பதால் இடையில் ஓர் இடைவெளி கிடைக்கிறது. உள்ளே சற்று அழுத்தமும் வைத்திருப்பார்கள், வெளிக்காற்று புகாமல் இருக்க. ஆனால் இந்த வாயு வருவது கொதிகலனிலிருந்து. கொதிகலன் போனால் புதிய வாயு வராது. ஏற்கெனவே உள்ளே இருப்பதை வைத்துத்தான் காலம் தள்ளவேண்டும். தாங்கியின் மேற்தளம் சூடேறினால் ஆவி பெருகி அழுத்தம் கூடும், ஏதாவது ஒரு மூடி திறந்துகொண்டால் காற்று உள்ளே போகும். தீயணைக்க வந்த கப்பல்கள் எரிகிற இடத்தில் மட்டும் தண்ணீர் அடிக்காமல் இன்னும் எரியாத இரும்பின்மேலும் இடைவிடாமல் பீய்ச்சிக்கொண்டிருந்ததன் காரணம் அதுதான். தொலைக்காட்சியில் பார்த்த சிலர், எரியாத இடத்துக்கு எதற்குத் தண்ணி என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான்.

2000 இல் கட்டிய கப்பல் இது. 1993 ஜூலைக்குப் பின் ஒப்பந்தமான பெரிய எண்ணெய்க் கப்பல்களுக்கு, கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் மார்போல் சமவாய விதிகள் இரட்டை உடல் கேட்கின்றன. ஆனால் இரட்டை உடல் தரைதட்டலுக்கும் மோதலுக்குமான காவல், உள்தீக்கு அது பெரிதாக உதவாது. கசிந்தது சரக்கு எண்ணெய் அல்ல, கப்பல் தன் இயந்திரத்துக்காகச் சுமந்த எரிபொருள். பின்பகுதியிலிருந்து வெளியான அந்த எரிபொருள் கடலில் படலமாக விரிந்தது, இந்திய விமானம் சிதறடிக்கும் மருந்து தெளித்தது.

யாருடைய கடல், யாருடைய கப்பல்

38 கடல்மைல் என்பது 12 மைல் ஆட்புலக் கடலுக்கும் 24 மைல் ஒட்டு வலயத்துக்கும் வெளியே, 200 மைல் பிரத்தியேக பொருளாதார வலயத்துக்கு உள்ளே. அங்கே மீனும் வளமும் இலங்கைக்கு உரியவை. கப்பல் போகும் சுதந்திரம் எல்லாருக்கும் உரியது. விபத்து நடந்தபின் கரையைக் காக்க இலங்கை தலையிடலாம், கடல் சட்டச் சமவாயத்தின் 221 ஆம் உறுப்புரை அதை ஏற்றுக்கொள்கிறது. அதற்கு முந்தைய நிமிடம் வரை அந்தக் கப்பலின் கொதிகலனைப் பற்றிக் கேட்க இலங்கைக்கு வழியில்லை. இன்னொரு நாட்டுக் கப்பலின் வடிவமைப்புக்கும் கட்டுமானத்துக்கும் சர்வதேச அளவுகோலை மீறிய சொந்தச் சட்டம் போட ஆட்புலக் கடலுக்குள்ளேகூட அனுமதி இல்லை.

அப்படியானால் யார் பார்ப்பது? முதலில் கொடி நாடு, அதாவது பனாமா. பிறகு கப்பல் தட்டுகிற துறைமுகத்தின் நாடு. இலங்கையும் உறுப்பாக உள்ள இந்து சமுத்திர உடன்படிக்கையின்படி துறைமுகத்துக்கு வருகிற வெளிநாட்டுக் கப்பலில் ஏறிச் சோதிக்கலாம். நியூ டயமண்ட் இலங்கைத் துறைமுகம் எதற்கும் வரவில்லை, வரவும் போவதில்லை. நம் வாசலால் போகிற, ஆனால் படியேறாத கப்பலைச் சோதிக்கும் அதிகாரி இலங்கையில் யாரும் இல்லை. இந்த நிகழ்வின் நடுக்கதை இதுதான் என்பது என் எண்ணம். பாதையின் ஆபத்து கிழக்குக் கரைக்கு, சோதனையின் உரிமை எங்கேயோ.

உதவி வந்த விதம்

முதல் உதவி விதிப்படியே வந்தது. ஆபத்து அழைப்பைக் கேட்ட கப்பல் தன்னால் முடிந்த வேகத்தில் போகவேண்டும் என்பது சோலாஸின் கட்டளை. அவ்வழியே போன ஹெலன் எம் என்ற வணிகக் கப்பல் மாலுமிகளில் பெரும்பாலானவர்களை ஏற்றியது. இலங்கைக் கடற்படையும் விமானப்படையும் போயின, இந்தியக் கடலோரக் காவற்படையும் கடற்படையும் வந்தன. இயந்திரம் செத்த கப்பல் கரைப்பக்கம் நகரத் தொடங்கியதும்தான் உண்மையான பதற்றம். இழுவைக் கப்பல் பிடித்து அதை ஆழ்கடலுக்கு இழுத்தது. 6 ஆம் திகதி தீ அடங்கியது என்றார்கள், மறுநாள் திரும்பவும் பற்றியது. 9 ஆம் திகதிதான் முழுதாக அணைந்தது. இரும்பு சூடாக இருக்கும்வரை தீ அணைந்ததாகக் கணக்கில்லை.

இழுவைக் கப்பல் எங்கிருந்து வரும் என்பதுதான் என்னை உறுத்துகிறது. அம்பாந்தோட்டையிலிருந்து அந்த இடம் ஏறத்தாழ 100 கடல்மைல், திருகோணமலையிலிருந்து அதைவிடக் கூட. மணிக்கு 12 மைல் ஓடினாலும் எட்டு மணி நேரம். அருகில் இருப்பது 2013 இல் திறந்த ஒலுவில் துறைமுகம், அதன் வாயை மணல் மூடிக்கொண்டது ஊரறிந்த கதை. அம்பாறைக்கு நேரே ஒரு பிரிவழி கேட்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அங்கே கப்பல்கள் நெருக்கியடிக்கவில்லை, இந்த விபத்தையும் அது தடுத்திருக்காது. திருகோணமலையில் எந்நேரமும் புறப்படத் தயாராக ஒரு வலுவான அவசர இழுவைக் கப்பலும் அதில் போதிய தீயணைப்பு நுரையும் இருப்பதைக் கேட்பது அதைவிடப் பயன் தரும்.

எரிந்த கப்பலை எங்கே வைப்பது என்பது இன்னொரு தலையிடி. 2002 இல் பிரெஸ்டீஜ் என்ற எண்ணெய்க் கப்பலை ஸ்பெயின் கரைக்கு எடுக்க மறுத்து வெளியே அனுப்பியது, அது கடலில் இரண்டாக உடைந்து பல்லாயிரம் தொன் எண்ணெய் கரை சேர்ந்தது. அதன்பின் 2003 இல் சர்வதேச கடல்சார் அமைப்பு புகலிடம் பற்றிய வழிகாட்டல் கொடுத்தது. வழிகாட்டல்தான், கட்டாயம் இல்லை. நியூ டயமண்டை வெளியே இழுத்தது சரியாக முடிந்தது. ஆனால் செப்டெம்பர் கடல் அமைதியாக இருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

இதே சம்பவம் டிசம்பரில் நடந்திருந்தால்? செப்டெம்பரில் நம் பக்கம் கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும், நீரேரி வாய்களில் பலவற்றில் மணல் அடைத்திருக்கும். மார்கழியில் வாடை கடலைக் கரைமேல் தள்ளும். மழைவெள்ளம் வடியட்டும் என்று பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் முகத்துவாரம் வெட்டித் திறந்திருக்கும். வெள்ளம் வெளியேறும்போது எண்ணெயைத் தள்ளிப்பிடிக்கலாம், வற்றிய பிறகு பெருக்குநீர் அதை உள்ளே கொண்டுபோகும். மணலில் படிந்த எண்ணெயை அள்ளிவிடலாம், கண்ணா (கண்டல்) மர வேரிலும் இறால் வளரும் சேற்றிலும் படிந்ததை எதால் அள்ளுவது? எண்ணெய்க் கசிவுத் திட்டம் எதுவானாலும் எந்த முகத்துவாரத்தை யார் உடனே மூடுவது என்ற பக்கம் அதில் இருக்கவேண்டும், மாவட்டச் செயலகத்தில் தமிழில் இருக்கவேண்டும்.

வழக்கும் காசும்

2008 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க கடல் மாசுத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கிரேக்கக் கப்டன்மேல் வழக்குப் போனது. கொழும்பு மேல் நீதிமன்றத்தில் அவர் குற்றத்தை ஏற்றுக்கொண்டார், 12 மில்லியன் ரூபாய் தண்டம். தீயணைப்புச் செலவுக்காகச் சட்டமா அதிபர் கேட்டதில் உரிமையாளர் தரப்பு சுமார் 440 மில்லியன் ரூபாய் கட்டியது.

உண்மையில் பெரிய கசிவு நடந்திருந்தால் வழி வேறு. எண்ணெய் மாசுப் பொறுப்புச் சமவாயத்திலும் அதற்கான சர்வதேச நிதியத்திலும் இலங்கை உறுப்பு. இந்த அளவுக் கப்பலின் உரிமையாளர் 89.77 மில்லியன் எஸ்.டீ.ஆர். வரை பொறுப்பு, அதற்கு மேற்பட்டதை நிதியம் சேர்த்து 203 மில்லியன் வரை கொடுக்கும். எஸ்.டீ.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. தொழில் இழந்த மீனவரும் இதில் கேட்கலாம், மாயவலைக்காரரும் கரைவலை முதலாளியும் சுற்றுலா விடுதிக்காரரும் கேட்கலாம். சேதம் நடந்து மூன்று ஆண்டுக்குள் நடவடிக்கை எடுக்கவேண்டும். கேட்கும்போது முந்தைய ஆண்டுகளில் எவ்வளவு மீன் பட்டது, என்ன விலை போனது என்று காட்டவேண்டும். ஆழ்கடல் படகுக்காரருக்குப் பதிவேடு இருக்கிறது. கரைவலையில் பங்குக்கு வலித்த ஆளுக்கு வாடியில் சொன்ன வாய்க்கணக்கு மட்டுந்தான். சங்கங்கள் இப்போதே ஒரு கொப்பியில் நாள், வலை, மீன், விலை, பங்கு என்று எழுதிக் கிராம உத்தியோகத்தரிடம் மாதம் ஒருமுறை கையெழுத்து வாங்கி வைத்தால், நிதியத்தின் கணக்காளர் வந்து கேட்கும் முதல் தாள் அதுவாக இருக்கும்.